கோரிக்கை எண்ணும் ஐந்து பதிவுத் தபால்களும்

மென்பொருள் உரிம ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவு சொல்வது இது: கணிப்பொறி பழுதாகி வன்தட்டு மாற்றப்பட்டால் பயனர் எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும்; விண்ணப்பம் கிடைத்த ஐந்து வேலை நாட்களுக்குள், மென்பொருளைத் திறக்கும் புதிய திறவெண் அனுப்பப்படும். முப்பத்துநான்கு வருடம் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் நான். இவ்வளவு தெளிவான விதியைச் சர்வீஸில் பார்த்ததில்லை. அதனாலேயே நம்பிவிட்டேன்.

2008 மார்ச் தொடக்கத்தில் குழித்துறையில் கோடை மழை இடியோடு வந்தது. எங்கள் வீட்டுக் கணிப்பொறியின் வன்தட்டு போயிற்று. மகளின் எம்.ஃபில். ஆய்வுக்கான மென்பொருள் அதில்தான் இருந்தது. வகைக்கெழுச் சமன்பாட்டைத் தட்டச்சு செய்து, தொடக்க மதிப்பைக் கொடுத்தால் விடையை வளைகோடாக வரைந்து காட்டும். அவள் நாகர்கோவிலுக்கு அப்பால் ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். விடுதியில் தங்கிச் சனிக்கிழமைகளில் வருவாள். கல்லூரியில் அந்த மென்பொருள் கிடையாது. மார்ச் 31க்குள் ஆய்வேட்டை ஒப்படைத்தால்தான் ஜூனில் தொடங்கும் அடுத்த கல்வியாண்டில் வேலை. நான்காம் அத்தியாயத்தில் ஆறு வளைகோடுகள் பாக்கி.

புதிய வன்தட்டில் மென்பொருளை நானே நிறுவினேன். ஒப்பந்தத்தின் பதினாறு பக்கங்களையும் படித்துவிட்டுத்தான் சம்மதம் தெரிவித்தேன். அதைச் செய்த ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். கடைசியில் திரையில் இருபது எழுத்துகளில் ஒரு கோரிக்கை எண் வந்தது. அதை நிறுவனத்துக்கு அனுப்பினால் திறவெண் தருவார்கள்.

"ஒரு மெயில் போட்டா போரும் அப்பா," என்றாள் மகள் போனில்.

"மெயிலுக்கு ஒப்புகை அட்டை உண்டா?"

"ஆப்பீஸ் புத்தி போவாதே ஒங்களுக்கு. செரி, நீங்களே பாத்துக்கிடுங்க. எனக்க தலையெழுத்து."

பதிவுத் தபாலில் அனுப்பினேன். மறுநாள் காலை, கடித நகலைச் சரிபார்க்க மென்பொருளைத் திறந்தால் எண் வேறாக இருந்தது. முதல் கடிதத்தை ரத்து செய்து, திருத்திய எண்ணோடு இரண்டாம் கடிதம் போட்டேன். அதற்கடுத்த நாளும் சரிபார்த்தேன். மறுபடி வேறு எண். இப்படி நான்கு நாளில் நான்கு கடிதம்.

"சாரே, தெனமும் ஒரே அட்ரஸுக்கு," என்றார் தபால் எழுத்தர். "அங்க பெண்ணு வல்லதும் பாத்து வச்சிருக்கியளா?"

சனிக்கிழமை மகள் வந்தபோது நான் பன்னிரண்டு தாள்களில் அவளுடைய சமன்பாட்டைக் கையால் போட்டுக்கொண்டிருந்தேன். நானும் கணக்கில் பி.எஸ்ஸி. அவள் வாங்கிப் பார்த்து, மூன்றாம் தாளோடு படிப்பதை நிறுத்திவிட்டாள்.

"இதுல வர்க்கம் வருது அப்பா. நீங்க படிச்ச மாதிரி இது பிரியாது. கையில வருமுன்னா நான் எதுக்கு அத வாங்குதேன்?"

தாள்களை அடுக்கி என் கையிலேயே தந்தாள்.

ஒப்புகை அட்டைகள் நான்கும் திரும்பி வந்தன. திறவெண் வரவில்லை. இருபத்துநான்காம் தேதி நிறுவனத்துக்குப் போன் செய்தேன். பட்டணத்துத் தமிழில் ஒரு பெண் பேசினாள்.

"சார், நீங்க ஒவ்வொரு லெட்டர் போடும்போதும் பழைய ரிக்வெஸ்ட்டை மூடிட்டு புதுசா பதிவு பண்ணியிருக்காங்க சார். கடைசி லெட்டர்ல இருக்கிற நம்பர்தான் இப்ப ஸ்கிரீன்ல இருக்கா?"

"இன்று காலை திறந்தேனே."

"திறந்தா நம்பர் மாறிடும் சார். புது நம்பரை எழுதி அனுப்புங்க. அது வந்ததும் அஞ்சு வேலை நாள். அதுவரைக்கும் தயவுசெஞ்சு திறக்காதீங்க."

மெயிலில் அனுப்பலாமா என்று கேட்டேன், நான். தபாலில் தொடங்கிய விண்ணப்பம் தபாலில்தான் முடிய வேண்டும் என்றாள். அவள் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். விரல் விட்டு எண்ணினேன். எப்படி எண்ணினாலும் ஏப்ரல்.

ஐந்தாம் கடிதத்தை அனுப்பிவிட்டு, கணிப்பொறிமேல் ஒரு துவர்த்துத் துண்டை விரித்து மூடினேன்.

வளைகோடுகள் இல்லாத அத்தியாயத்தை அவளுடைய வழிகாட்டி வாங்கிக்கொள்ளவில்லை. முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் போனில், "செரி, விடுங்க அப்பா, சாப்பிட்டியளா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஏப்ரல் இரண்டாம் வாரம் கல்லூரி அடுத்த ஆண்டுக்கு அவள் இடத்தில் வேறு ஆள் எடுத்தது. விடுதியைக் காலி செய்துகொண்டு இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினாள். பெட்டிகளை நான்தான் உள்ளே எடுத்து வைத்தேன். அதற்கு மேல் செய்ய எனக்கு எதுவும் இருக்கவில்லை.

திறவெண் வந்த தேதி: 16.4.2008.