தொட்டில் ஸ்பிரிங்

எனக்கு அப்போது ஏழாம் மாசம். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டுகிறார். பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்னென்ன வாங்கலாம் என்று இருவரும் கணக்குப் போட்டதில், ஸ்டாண்டு வைத்த தொட்டிலுக்குக் காசு பத்தவில்லை. “சேலையிலயே கட்டிக்கிருவோம். ஸ்பிரிங்கு மட்டும் யாருகிட்டயாச்சும் கேளு” என்றார்.

கூட வேலை பார்க்கும் பெண்களிடம் கேட்டேன். நன்றாக வளர்ந்த பிள்ளையின் பழைய சாமான் முதல் பிள்ளைக்கு ராசி என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சட்டை, தொப்பி என்று ஆளுக்கொன்று தருவதாகச் சொன்னார்கள். ஸ்பிரிங் மட்டும் இல்லை. தினமும் என்னோடு சாப்பிடும் செல்வி அக்கா ஏலக்காயிலிருந்து தலையையே தூக்கவில்லை. ஏன் என்று எனக்குள் குடைந்துகொண்டே இருந்தது.

சாப்பிடும்போது கேட்டேவிட்டேன்.

“எங்கிட்ட இருக்கு புள்ள. ஆனா எம்மகன் அதுல ஒரு மாசந்தான் கிடந்தான். அதோட போய்ட்டான். நீ கடையிலயே வாங்கிக்க.”

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவனைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தோன்றியது. “நல்லாத் தூங்குவானாக்கா?”

அக்கா முகம் மாறியது. “ஒரு தடவ இழுத்து விட்டாப் போதும். தூங்கிருவான்.”

“அப்ப அதையே கொண்டாங்க.”

மறுநாள் கொண்டுவந்தார். இருந்திருந்தால் அவன் பள்ளிக்கூடம் போகிற வயசு. ஸ்பிரிங்கில் பொட்டுத் துரு இல்லை. “அப்பப்ப எண்ணெ போட்டு வைப்பேன்” என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இப்போது அதில் என் மகள் தூங்குகிறாள். செல்வி அக்கா வீட்டுக்கு வந்தால், ஒரு தடவை இழுத்து விட்டுப் பார்த்துக்கொண்டே நிற்பார்.