மூன்று நிலை சுவிட்ச்

நான் பேஸ் கிதார் வாசிப்பவன், என் மனைவி பாடுபவள். கல்யாண வரவேற்புகளுக்குப் போகும் சின்னக் குழு ஒன்றில் இருவரும் இருக்கிறோம். மற்றபடி எனக்கு ஓசூர் தொழிற்பேட்டையில் கன்ட்ரோல் பேனல்களுக்கு ஒயரிங் போடும் வேலை. நடுவில் சில மாதம் தொடர்ந்து இரண்டாம் ஷிஃப்ட் விழுந்தது. கீபோர்டு வாசிப்பவர்தான் குழுவை நடத்துபவர். அவர் எனக்குப் பதிலாக ஓர் ஊத்தங்கரைக்காரனைக் கூட்டி வந்தார்.

ஷிஃப்ட் மாறி நான் திரும்பியபோது மனைவி சொன்னாள்: "அவரு வாசிச்சா பாடறதுக்குப் பயமே இல்லீங்க. கீழ கெட்டியா தரை இருக்கற மாதிரி இருக்குது."

அப்படியென்றால் இத்தனை வருஷம் நான் வாசித்தது என்ன, பள்ளமா? அவர்கள்மேல் சந்தேகமெல்லாம் கிடையாது. அவன் அவளை அக்கா என்பான், என்னை அண்ணா என்பான். அவளுக்கும் ஊத்தங்கரைதான், இருவரும் அந்த ஊர் பஸ்ஸைத் திட்டிச் சிரிப்பார்கள். எனக்கு இருந்தது சுத்தமான பொறாமை. அவள் பாட்டுக்கு அடியில் ஓடவேண்டியது என் கை.

தொரப்பள்ளியில் ஒரு கல்யாணம் வந்தது. அவள் பாட்டுகளுக்கு யார் வாசிப்பது என்பதை ஒத்திகையில் கேட்டு முடிவு செய்யலாம் என்றார் கீபோர்டுக்காரர்.

அவன் கிதாரில் ஒரு சின்ன சுவிட்ச் இருந்தது. அதை ஒரு பக்கம் தள்ளினால், தந்தியின் அதிர்வை வாங்கும் பிக்கப்புக்குள் இருக்கும் இரண்டு காயிலையும் தொடராகச் சேர்த்துக் கனமான ஒலி தரும். மறுபக்கம் தள்ளினால் இணையாகச் சேர்த்துத் தெளிந்த ஒலி. நடுவில் விட்டால் ஒரு காயில் மட்டும். அவனுடைய வித்தை முழுக்க இதில்தான் இருக்கிறது என்று முடிவுகட்டினேன். அதே மாதிரி பிக்கப்பையும் சுவிட்சையும் பெங்களூரில் வாங்கி வந்து, மூக்கண்டப்பள்ளி வீட்டில் உட்கார்ந்து பற்றவைத்தேன். ஒயரிங் எனக்கா தெரியாது?

தெரிந்ததுதான் வினையாயிற்று. எங்கள் பேனலில் சிவப்பு போகிற ஒயர், கறுப்பு திரும்புகிற ஒயர். கண்ணை மூடிக்கொண்டு போடுவோம். அந்தப் பிக்கப் செய்தவன் ஒரு காயிலுக்கு நிறத்தை மாற்றி வைத்திருந்தான். கூடவந்த தாளை நான் பிரிக்கவே இல்லை.

ஒத்திகையில் சுவிட்ச் நடுவில் இருந்தவரை ஒழுங்காகத்தான் இருந்தது. மனைவி பல்லவியை எடுத்ததும் பெருமையாகக் கனமான பக்கம் தள்ளினேன். பேஸே காணாமல் போயிற்று. இரண்டு காயிலும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அழித்துவிட்டன.

"என்னாங்க இது, கொசு கத்துது" என்றாள் மைக்கிலேயே.

"சாகு, சாகு" என்று கீபோர்டுக்காரர் கன்னடத்தில் போதுமெனக் கையாட்டி நிறுத்தினார். "சரி பண்ணிகினு அடுத்த வாரம் வாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ஊத்தங்கரைக்காரன் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அடுத்த விடுமுறையில் தாளைப் படித்து, அந்த இரண்டு ஒயரை மட்டும் மாற்றிப் பற்றவைத்தேன். மூன்று நிலையும் அருமையாகப் பேசின. காலை முழுக்க வாசித்தேன். மனைவி பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"சரியாய்டுச்சாண்ணா?" என்று மெதுவாகக் கேட்டபடி அவன் முன்வாசலில் வந்து நின்றான். வேண்டுமென்றே சுவிட்சை நடுவில் தள்ளி, இருப்பதிலேயே மெலிந்த ஒலியில் வைத்து, கிதாரை அவனிடம் கொடுத்தேன். அவன் உட்கார்ந்து ஏதோ வாசித்தான்.

கொஞ்ச நேரத்தில் அவள் கையைத் துடைத்துக்கொண்டே இரண்டு டம்ளர் டீயோடு வந்தாள். "வாங்க தம்பி" என்றாள்.

"இவரு வந்தது உனக்கு எப்படித் தெரியும்?"

"வாசிச்சது கேட்டுச்சே" என்றாள், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல.

காலையிலிருந்து அதே கிதாரில் நானும்தான் வாசித்திருந்தேன்.

கீபோர்டுக்காரரிடம் நானே போனில் சொன்னேன், அவள் பாட்டுகளுக்கு அவனே வாசிக்கட்டும் என்று. பெரிய மனசு என்றார். மண்ணாங்கட்டி மனசு. இன்னொரு ஒத்திகையில் எல்லார் முன்னாலும் அந்த வித்தியாசத்தைக் கேட்க எனக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

தொரப்பள்ளியில் நான் கீழே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். அவள் அவ்வளவு நன்றாகப் பாடி நான் கேட்டதே இல்லை.