கடைசி வண்டியின் சாஸ்

பஸ் டிப்போவில் டைம் கீப்பர் என்றால் லேசுப்பட்ட வேலை இல்லை என்பது அவருடைய கட்சி. டிரைவர் வண்டியை ஓட்டலாம், மெக்கானிக் அதைக் கழற்றிப் போட்டுத் திரும்பப் பூட்டலாம். ஆனால் அவர் விசில் ஊதாமல் ஒரு வண்டியும் வாசலைத் தாண்டாது. லேட்டாக வருகிறவர்களை அவர் திட்டுவதில்லை. அதைவிட மோசம், கேலி பண்ணுவார். "வாங்க, வாங்க. நாளைக்கு வர வேண்டிய ஆளு இன்னிக்கே வந்துட்டீங்களே" என்று மைக்கில் வரவேற்பார். டிப்போ முழுக்கச் சிரிக்கும். மாட்டிக்கொண்டவனும் வேறு வழியில்லாமல் இளித்து வைப்பான். கேலிக்கு யாரும் செத்துப்போனதில்லை என்று அவர் நம்பினார். அவரை யாரும் கேலி செய்ததில்லை என்பதால் அப்படி நம்புவது சுலபமாகவும் இருந்தது.

லீவு நாள் வந்தால் ஆள் வேறு. டிப்போ ஊழியர் குடியிருப்பில், அவர் வீட்டுப் பின்பக்கம் ஒரு அடுப்பு இருந்தது. பழைய எண்ணெய் டிரம்மை நெடுக்காக வெட்டி, கீல் வைத்து, நாலு கால் பொருத்தி டிப்போ வெல்டர் செய்து கொடுத்தது. அடியில் கரி, மேலே கம்பி வலை, வலையின்மேல் பன்றி விலாக்கறி. முதல் நாளே உப்பும் மிளகும் பூண்டும் தடவி ஊற வைத்துவிடுவார். மூடியைச் சாத்தி அனலை அடக்கி, சதை எலும்பைவிட்டுக் கழன்று வரும்வரை மெல்ல வேக விடுவார். வாசனை பிடித்தபடி டிரைவர்களும் கண்டக்டர்களும் தட்டும் கையுமாக வந்து சேர்வார்கள். பாராட்டை எல்லாம் அவர்தான் வாங்கிக்கொள்வார். வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லை.

சாஸ் மட்டும் மனைவியின் பொறுப்பு. தக்காளியை வேக வைத்துத் தோலை உரித்து மசிப்பாள். வெங்காயமும் பூண்டும் சிவக்க வதக்கி அதில் கொட்டுவாள். வினிகர், மிளகாய்த்தூள், கை தாராளமாகச் சர்க்கரை. பிறகு அடுப்பைச் சிறிதாக்கி, கரண்டியில் ஒட்டி நிற்கும் பதம் வரும்வரை கிண்டிக்கொண்டே நிற்பாள். சாப்பிட்டவர்கள் விரலை விடாமல் சூப்பியது அந்தச் சாஸுக்காகத்தான். ஆனால் அது என்றைக்கும் நேரத்துக்கு வந்ததில்லை. அவர் இடுக்கியும் பிரஷுமாகக் காத்து நிற்பார், உள்ளேயிருந்து "இதோ" என்று குரல் மட்டும் வரும். ஒருநாள் பொறுமை போய், "நம்ம டிப்போவுல எல்லா வண்டியும் வந்துடுச்சு. என் வீட்டு கடைசி வண்டிதான் இன்னும் வரல" என்றார். அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து குடியிருப்பில் அவள் பெயர் கடைசி வண்டி. பக்கத்து வீட்டுப் பொடிசுகள்கூட அப்படித்தான் சொல்லும். அவளும் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சிரித்த மாதிரி ஒரு முகத்தோடு உள்ளே போய்விடுவாள்.

புதிதாக வந்த டிப்போ மேனேஜர், விலாக்கறி பற்றிக் கேள்விப்பட்டு, "எனக்கு ஒரு பிளேட் கிடைக்குமா?" என்று கேட்டது டைம் கீப்பருடைய கெட்ட காலம். மேனேஜர் நேர விஷயத்தில் பேய். ஒரு நிமிஷம் பிந்தினாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அப்படிப்பட்டவர் முன்னால் சாஸுக்காகக் காத்துக் கிடந்தால் டைம் கீப்பரின் மானம் என்ன ஆவது? இந்த ஒரு நாளாவது எல்லாம் நேரத்துக்கு நடந்தாக வேண்டும் என்று முடிவு கட்டினார். கறி பாதி வெந்துகொண்டிருக்கும்போதே விறுவிறுவென்று சமையலறைக்குள் போனார். சாஸ் அடுப்பில் தயாராக, மூடி போட்டு இருந்தது. மனைவி பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரெடியா வெச்சுகிட்டேதான் இத்தனை நாள் என்னை நிக்க வெச்சியா?"

"ஏங்க, இப்ப வேணாம். கொஞ்சம் பொறுங்க."

"மேனேஜர் வர்ற நேரம். உன் டைம் டேபிள் எல்லாம் இன்னிக்கு செல்லாது" என்று சட்டியோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார். வெந்தும் வேகாத கறியின்மேல் சாஸைத் தாராளமாகப் பூசி மூடியைச் சாத்தினார். மேனேஜர் உள்ளே நுழைந்தபோது, "எல்லாம் டயத்துக்கு நடக்குது சார்" என்று பெருமையாகச் சொல்லவும் செய்தார்.

முதலில் புகை வந்தது. கரிப் புகை என்று நினைத்தார். பிறகு கசந்த நெடி. மூடியைத் திறந்தால் விலாக்கறி தார் பூசியதுபோல் கறுத்துக் கிடந்தது. சாஸில் இருந்த சர்க்கரை முழுக்கத் தீய்ந்து மேலே ஓடாகப் படிந்திருந்தது. உள்ளே கறி இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

அப்போதுதான் அவருக்கு மண்டையில் உறைத்தது. இந்த அடுப்பு வந்த புதிதில், இதே இடத்தில், அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "கறி வெந்து எறக்கப்போற நேரத்துல பூசுங்க. முன்னாடியே பூசினா சர்க்கரை கருகிடும்." அவர் கேட்டாரா? "நெருப்பு பக்கத்துல நிக்கறவன் நானா நீயா?" என்று நாலு பேர் சிரிக்கக் கேட்டார். அதற்கப்புறம் அவள் சொல்வதை விட்டுவிட்டாள். சாஸைத் தாமதமாகக் கொடுக்க ஆரம்பித்தாள். இத்தனை வருஷமும் இந்த அடுப்பின் மானத்தைக் காப்பாற்றியது அவளுடைய தாமதம்தான்.

மேனேஜர் ஒரு துண்டைக் கடித்துவிட்டு, மரியாதைக்காக மென்றார். "சாஸ்ல இனிப்பு கூடிப்போச்சோ? சட்டுனு தீஞ்சிடுச்சே."

'இல்லை சார், நான்தான் அவசரப்பட்டேன்' என்று சொல்ல வேண்டிய இடம். வாய் திறந்தது. வந்தது வேறு.

"சாஸ் நம்ம டிபார்ட்மெண்ட் இல்ல சார். அது கடைசி வண்டி பண்றது."

எல்லோரும் சிரித்தார்கள், மேனேஜரும்கூட. தட்டுகளை எடுத்துக்கொண்டு அவள் கதவருகில் நின்றிருந்ததை அவர் பிறகுதான் பார்த்தார். அவள் ஒரு நொடி அவரையே பார்த்தாள். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, "ஆமா சார். இன்னிக்கு சர்க்கரை கொஞ்சம் கைதவறிப் போச்சு. மன்னிச்சுக்கங்க" என்றாள்.

அவர் இடுக்கியைப் பிடித்தபடி நின்றார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

எல்லோரும் போன பிறகு அவள் கம்பி வலையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"சர்க்கரை சரியாத்தானே போட்டிருந்தே?"

"சரியாத்தான் போட்டேன்."

"அப்புறம் எதுக்கு அப்படி சொன்னே?"

அவள் தலை நிமிரவில்லை. "அவங்க சிரிக்கறது எனக்குப் பழகிப்போச்சு. உங்களுக்குப் பழக்கமில்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் சும்மா, விஷயத்தைச் சொல்கிற குரலில் சொன்னாள். அந்தத் தேய்க்கிற நாரையாவது வாங்கித் தானே தேய்க்கலாம் என்று கையை நீட்டினார். அவள் தரவில்லை.

மறுநாள் காலை டிப்போவில் வண்டிகள் கிளம்பும் முன், கூட்டமாக நின்ற டிரைவர்களிடம் நேராகப் போனார். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தார். "நேத்து கறி கருகினதுக்கு சாஸ் காரணம் இல்ல. அவ வேணாம்னு சொல்லியும் நான்தான் முன்னாடியே பூசிட்டேன். தப்பு என்னுது."

சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்துத் தயாராக நின்றார். யாரும் சிரிக்கவில்லை. ஒரு டிரைவர் அவர் தோளில் கை போட்டார்.

"பாத்தீங்களாப்பா, இதுதான் மனுஷன். அண்ணிக்கு ஒரு பேச்சு வந்துடக்கூடாதுன்னு பழியைத் தன் தலைல போட்டுக்கறாரு."

"இல்லப்பா, நெசமாவே நான்தான்."

"விடுங்க, எங்களுக்குத் தெரியாதா? அண்ணி வாயாலேயே ஒத்துக்கிட்டாங்களே." இப்போது சிரித்தார்கள், ஆசையாக. "அடுத்த தடவை கடைசி வண்டிய சர்க்கரை டப்பா பக்கமே விடாதீங்க."

மறுபடி சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல அவர் இன்னும் நல்லவராகிக்கொண்டே போனார். கடைசியில் அவரே விசிலை எடுத்து ஊதி எல்லோரையும் அனுப்பி வைத்தார்.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனார். மனைவி தட்டை வைத்துக்கொண்டே அவர் முகத்தைக் கவனித்தாள். நிஜமான கவலையோடு கேட்டாள்.

"என்னங்க, டிப்போவுல ரொம்பக் கேலி பண்ணிட்டாங்களா?"

"பண்ணாங்க" என்றார் அவர், தட்டைப் பார்த்தபடி. "உன்னை."