சங்குக்கு ஒரு கோடு

ஓரிடத்தில் சும்மா உட்கார் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐந்து வயதில் கேட்கவே வேண்டாம். அப்படிப்பட்ட என்னைக் கள்ளிக்குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் நைனா. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அதற்கு முன்பு அம்மா களை எடுக்கப் போனால் நான் வரப்பில் ஓடிக்கொண்டிருப்பேன். அந்த வருஷம் வயலெல்லாம் மனையாகிவிட்டது. நைனா பக்கத்துத் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு கம்பெனி வேலைக்குப் போனார், அம்மா கட்டட வேலைக்குப் போனாள். வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் தங்கியே ஆக வேண்டும்.

கம்பெனியில் சேர்ந்ததிலிருந்து நைனாவுக்கு எல்லாமே சங்குதான். சங்கு ஊதினால் வேலை, சங்கு ஊதினால் சோறு, சங்கு ஊதினால் வீடு. பள்ளிக்கூட வாசலில் என்னைச் சைக்கிளிலிருந்து இறக்கிவிட்டார். "அழுவாம குந்திகினு இரு கண்ணு. சங்கு ஊதுனதும் நைனா வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு வேகமாக மிதித்துப் போனார். ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டு வந்திருந்தார், பாவம்.

எந்தச் சங்கு என்று மனுஷன் சொல்லவில்லை. எஸ்டேட்டில் எத்தனை கம்பெனியோ அத்தனை சங்கு!

முதல் சங்கு பதினொன்றரைக்கு ஊதியது. சிலேட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். நைனா இல்லை. டீச்சர் வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். இன்னொரு கம்பெனி ஊதியது. மறுபடி ஓட்டம். மூன்றாவது தடவை டீச்சர் வழியை மறித்தார், நான் அவர் கையைக் கடித்துவைத்தேன்.

"அடிப்பாவி! எங்கேடி போகணும் உனக்கு?"

"சங்கு ஊதிச்சில்ல? எங்க நைனா வருவாரு! வுடு என்னிய!"

டீச்சர் கையைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அறை விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவரோ என்னைக் கதவோரம் உட்காரவைத்து, பல்பம் ஒன்றைக் கையில் கொடுத்தார். "இனிமே ஊதினா ஓடக்கூடாது. ஒரு சங்குக்கு ஒரு கோடு போடு. நைனா வந்ததும் காட்டணும், சரியா?"

எனக்கு அது பிடித்துப்போயிற்று. காதை வெளியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு கோடு சாய்ந்தது, ஒன்று வளைந்தது, ஒன்று படுத்தேவிட்டது. காலையிலிருந்து மூக்கு ஒழுக அழுதுகொண்டிருந்த பக்கத்துப் பையன்கூட, "ஊதுது, ஊதுது, போடு" என்று என்னை இடித்தான். நானும் அழ மறந்துவிட்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

நாலு மணிக்குப் பள்ளிக்கூட மணி அடித்தது. பிள்ளைகள் எல்லாம் ஓடினார்கள். நான் அசையவில்லை.

"மணிதானே அடிச்சிச்சு? சங்கு ஊதலியே" என்றேன். டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு கதவைப் பூட்டிவிட்டு என்னோடு படியில் உட்கார்ந்துவிட்டார்.

நாலரைக்கு ஒரு சங்கு ஊதியது. அதற்கும் ஒரு கோடு போட்டேன். கொஞ்ச நேரத்தில் நைனா வியர்க்க விறுவிறுக்கச் சைக்கிளில் வந்தார். வெறிச்சோடிக் கிடந்த மைதானத்தைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது. அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

"சங்கு இப்பதானே டீச்சர் ஊதிச்சு? அதுக்குள்ள வுட்டாச்சா?"

"நாலு மணிக்கே விட்டாச்சுங்க. இங்கே மணிதான் கணக்கு" என்றார் டீச்சர்.

நைனா நெளிந்தார். என் சிலேட்டைப் பார்த்து, "இன்னா கண்ணு எழுதிகீற?" என்று கேட்டார்.

"என் பேரு" என்று கூசாமல் ஒரு புளுகு விட்டேன்.

"மொத நாளேவா!" சிலேட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்து, என்னை ஒருமுறை முறைத்தார். "கெட்டிக்காரிங்க உங்க பொண்ணு" என்று மட்டும் சொன்னார்.

வழியெல்லாம் "அழிச்சிடாத, அழிச்சிடாத" என்று சொல்லிக்கொண்டே வந்தார் நைனா. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் காட்டினார், பக்கத்து வீட்டில் காட்டினார், தெருவில் போனவரை நிறுத்திக் காட்டினார். பெரியவர்கள் எல்லோருக்கும் படிக்கத் தெரியும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதனால் நைனா எனக்காக வேண்டுமென்றே நடிக்கிறார் என்று எனக்கு ஒரே குஷி.

மறுநாள் டீச்சர் எல்லோருக்கும் 'அ' போட்டுக்கொடுத்தார். என்னை மட்டும் பக்கத்தில் இழுத்துவைத்து என் பெயரை எழுதச் சொன்னார். தப்பு, அழி, திரும்ப எழுது. தண்ணீர் குடிக்கக்கூட விடவில்லை. "சாயங்காலம் உங்க நைனா வர்றதுக்குள்ள உனக்குப் பேரு எழுத வந்தாகணும்டி" என்று என் விரலைப் பிடித்து அழுத்தினார். மற்ற பிள்ளைகளுக்கு ஒரே ஒரு எழுத்து, எனக்கு மட்டும் ஐந்து. என்மேல் இந்த டீச்சருக்கு அப்படி என்ன கோபம் என்று எனக்கு விளங்கவேயில்லை.