வெல்ல வருபவர்கள் பட்டியலில் என் பெயர்

செவ்வாய்க்கிழமை காலை ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றத்தில் எண்களை எழுதிக்கொண்டு நின்றபோது சசி அக்காவின் குறுஞ்செய்தி வந்தது: "றெஜி அண்ணா போயிட்டார். டெங்கு." மூன்று தரம் வாசித்தேன். பிறகு மிச்ச எண்களையும் எழுதி முடித்தேன். யுத்தத்தில் கிழமைக்கு ஒரு சாவுச் செய்தி வருகிற காலம். கை தன்பாட்டில் வேலை செய்கிறது.

அவரைத் தெரியாதவர்களுக்கு: கொட்டாஞ்சேனைக்காரர், முப்பத்தாறு வயது, துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் அலுவலகத்தில் கிளார்க். ஞாயிறு பின்னேரங்களில் வெள்ளவத்தையில் சசி அக்காவின் ஃபிளாட்டில் எங்கள் ஐந்து பேருக்கு ஒரு கற்பனைக் கதை விளையாட்டு நடத்துவார். அவர் ஒரு நிலைமையைச் சொல்வார். எங்கள் பாத்திரங்கள் என்ன செய்கின்றன என்று நாங்கள் சொல்வோம். சந்தேகமானதைத் தாயக்கட்டை தீர்க்கும். ஏ.எல். படிப்பைப் பாதியில் விட்ட நான் நேரத்துக்குப் போன ஒரே இடம் அது.

ஒருநாள் இன்டர்நெட் கஃபேயிலிருந்து தாள்கள் கொண்டுவந்தார். விளையாட வருகிறவர்கள் மூன்று வகையாம்: வெல்ல வருபவர்கள், கதைக்கு வருபவர்கள், அந்த உலகத்தில் வாழ வருபவர்கள். ஒரு தாளில் மூன்று நிரல் கீறி எங்கள் பெயர்களை எழுதினார். நன்மை நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். வாயே திறக்காத சசி அக்காவைக் கதை நிரலில் போட்டு, அவருடைய பாத்திரத்துக்கு ஒரு தொலைந்த தங்கையைக் கொடுத்தார். அக்கா அன்று ஒரு மணித்தியாலம் கதைத்தார். நான் 'வெல்ல வருபவர்கள்' நிரலில். அதன்பின் எனக்கு வந்ததெல்லாம் வாள்தான்.

"அண்ணா, எனக்கும் ஒரு தங்கச்சியைத் தொலைச்சு விடுங்கோவன்."

"உனக்குக் கதை வந்தா கொட்டாவி வரும்டா கஜன். தாளில கிடக்கு."

"அந்தத் தாளில வடை சுத்துங்கோ."

ஒரு ஞாயிறு அவர் வீடு திரும்புகையில் சோதனைச் சாவடியில் ஐசி என்கிற அடையாள அட்டையை எடுக்கும்போது அந்தத் தாளும் ஆமியிடம் அகப்பட்டது. 'வெல்ல வருபவர்கள்' என்று தலைப்பு, கீழே என் தமிழ்ப் பெயர். இந்த யுத்தத்துக்குள் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏற அவரால் மட்டும்தான் முடியும். அடுத்த நாள் மத்தியானம்தான் விட்டார்கள்.

மறு ஞாயிறு வந்தார். கன்னம் வீங்கியிருந்தது.

"உன்ர பேரைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டாங்கள். கற்பனை சேர், அப்பிடி ஒருத்தன் இல்லை எண்டு சொன்னனான்."

"அப்ப இல்லாத ஆளை எந்த நிரலில போடப் போறீங்கள்?"

அவர் சிரிக்கவில்லை. "நீயே சொல்லு. என்னத்துக்கு இஞ்ச வாறனீ?"

"இந்தக் கதவில ஒருத்தரும் ஐசி கேக்கிறேல்லை. அதுக்குத்தான்."

"அதுக்கு நிரல் இல்லையேடா," என்றார். பிறகும் தாளை விட்டுக்கொடுக்கவில்லை. "தாள் பிழையில்லை. உங்களைக் கேளாமல் எழுதினதுதான் பிழை."

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் தொடங்குமுன் எல்லோரையும் கேட்பார்: "இண்டைக்கு என்ன வேணும்?" கடைசித் தடவை நான், "களைப்பா இருக்கு அண்ணா, சண்டை வேண்டாம்," என்றேன். மழை பெய்கிற ஒரு மலை, ஒரு தேத்தண்ணிக் கடை, அவ்வளவுதான் தந்தார். இரண்டு மணித்தியாலம் ஒன்றுமே நடக்கவில்லை. நான் கொட்டாவி விடவில்லை.

நேற்று அவரைக் கடைசியாகப் பார்க்கக் கொட்டாஞ்சேனைக்குப் போகும் வழியில் மூன்று இடத்தில் ஐசி காட்டினேன். வீட்டு வாசலிலும் பழக்கத்தில் கை பையைத் தடவியது. அங்கே மெழுகுதிரிகளும் செருப்புகளும்தான் இருந்தன.

ஒருவரும் கேட்கவில்லை, றெஜி அண்ணா. உள்ளே வந்து உங்கள் பக்கத்தில் இருந்தேன்.