நான் காலால் பிறந்த கதை

பெரியாற்றில் அணை கட்டுகிற வேலைக்காக எங்கள் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஆட்கள் மலையேறிக்கொண்டிருந்த வருஷங்களில், கோம்பையில் நடந்தது இது. அப்போது எனக்கு மூன்று பிள்ளைகள், இரண்டு எருமைகள், ஒரு மாமியார். இவ்வளவும் போதாதென்று, ஊரில் எந்தப் பெண்ணுக்குச் சுளுக்குப் பிடித்தாலும் என்னிடம்தான் வருவாள். காரணம், நான் காலால் பிறந்தவளாம். தலைக்கு முன்னால் கால் வெளியே வந்து பிறந்தவர்கள், குதிகாலால் மூன்று தரம் நீவிவிட்டால் சுளுக்கு விட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

இந்தத் தொல்லை என் கல்யாணப் பேச்சிலேயே தொடங்கியது. என்னைப் பெண் பார்க்க மாமியார் என் பிறந்த ஊரான கடமலைக்குண்டுக்கு வண்டி கட்டி வந்தார். பாதையின் லட்சணத்தில் இடுப்புப் பிடித்துக்கொண்டு, இறங்கவே முடியவில்லை. என் ஆத்தா கொஞ்சமும் யோசிக்காமல், என் மகள் காலால் பிறந்தவள் என்று சொல்லி, அவரைப் பாயில் படுக்கவைத்து என்னை மிதிக்கச் சொன்னாள். பெண் பார்க்க வந்தவரின் இடுப்பிலேயே கால் வைத்தவள் என்னைத் தவிர வேறு எவளும் இருக்கமாட்டாள். அவர் எழுந்து நேராக நின்றார். அன்றைக்கே பரிசம் பேசிவிட்டார்கள்.

அதன் பிறகு எனக்கு ஓய்வே இல்லை. உலை கொதிக்கும்போது வருவார்கள். எருமை கறக்க உட்காரும்போது வருவார்கள். நடவு முடித்த பெண்கள் வரிசையாக முற்றத்தில் குப்புறப் படுத்துக் கிடப்பார்கள். நடவு நட்ட இடுப்பு எனக்கும்தான் வலிக்கும். என்னைப் பிடித்துவிட யார் இருக்கிறார்கள்? படுத்தவர்கள் சும்மாவும் படுக்கமாட்டார்கள். நாத்தனார் சண்டை, கொழுந்தன் குடி, வீட்டில் யாரிடமும் சொல்லாத சங்கதி எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடியே என் காலுக்குச் சொல்வார்கள். சொல்லி முடித்ததும் சுளுக்குப் போய்விட்டது என்று எழுந்து போவார்கள். எனக்குத்தான் தலை கனத்துக் கிடக்கும்.

இவர்களில் என் பொறுமையை மிகவும் சோதித்தவள் பக்கத்து வீட்டுக்காரி. இருபது வயதுகூட இருக்காது. அவள் புருஷன் அணை வேலைக்குப் போன இடத்தில் மலைக்காய்ச்சலில் செத்துப்போனான். சேதிதான் வந்தது, உடம்பு வரவில்லை. ஊர் கூடி அழுதபோது அவள் மட்டும் அழவில்லை. ஐந்து மாதக் கைப்பிள்ளை ஒன்று. அதற்குக் கொடுத்துக்கொண்டிருந்த பால் அந்த வாரத்திலேயே நின்றுபோனது. ஆட்டுப்பாலைச் சங்கில் புகட்டினால் பிள்ளை கக்கிவிடும். நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது.

அவள் தினமும் வந்தாள். ஒரு நாள் கழுத்து, மறுநாள் விலா, அதற்கடுத்த நாள் தோள்பட்டை. மிதித்தால் ஒரு முனகல்கூட வராது. மூன்று தரம் நீவிய பிறகும் எழுந்திருக்கமாட்டாள். இன்னொரு தரம் என்பாள். பிள்ளை பாயோரத்தில் கிடந்து சிணுங்கும். பதினைந்து நாள் பொறுத்தேன். ஒரு நாள் அடுப்பில் களி தீய்ந்துபோன ஆத்திரத்தில், நாலு பேர் முன்னால், சுளுக்கு உனக்கு உடம்பிலா புத்தியிலா, போய்ப் பிள்ளை பிழைக்கிற வழியைப் பார் என்று கத்திவிட்டேன். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது.

அந்தச் சமயம் பார்த்து என் ஆத்தா ஊரிலிருந்து வந்து சேர்ந்தாள். என்னைக் காலால் பெற்றுத் தொலைத்தாயே என்று அவளிடம் புலம்பினேன். அவள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்.

“நீ எங்கனடி காலால பொறந்த? தலையாலதான் பொறந்த. உங்க மாமியா அன்னைக்கு இடுப்பப் பிடிச்சுக்கிட்டு வந்தாக. அப்படியே திரும்பிப் போயிருவாகளோன்னு வாய்க்கு வந்தத சொல்லி வச்சேன்.”

பதினோரு வருஷம் ஊரார் முதுகையெல்லாம் மிதித்திருக்கிறேன், ஒரு பொய்க்காக. அப்படியானால் இத்தனை பேருக்கு எப்படிச் சரியானது என்று கேட்டேன். அது எனக்கென்ன தெரியும் என்று வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டாள்.

கோபம் ஒரு பக்கம், விட்டது சனியன் என்ற சந்தோஷம் ஒரு பக்கம். முதலில் பக்கத்து வீட்டில் சொல்லி இந்தத் தொல்லையைத் தலைமுழுகிவிட வேண்டும் என்று அந்த நிமிஷமே கிளம்பினேன்.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளை மடியில் கிடந்தது. அழத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.  இருந்தாலும் வந்த காரியத்தை விடவில்லை. நான் காலால் பிறந்தவள் இல்லை, என் மிதியில் ஒன்றும் இல்லை, வேறு வைத்தியம் பார் என்று சொல்லி முடித்தேன்.

“எனக்கும் சுளுக்கு இல்ல மதினி,” என்றாள் அவள். “அவுக போனதுலருந்து என்னய ஒருத்தரும் தொடல. உங்க காலாவது மேல படட்டும்னுதான் வந்தேன்.”

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். யோசித்தால் அது அப்படியே உண்மை. தாலி அறுத்த நாளோடு சரி. எதிரே வந்தால் ஒதுங்கினோம். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கக்கூட ஒரு கை வரவில்லை. மற்ற பெண்களுக்குக் காலால் நீவிய பிறகு கையாலும் கொஞ்சம் அமுக்கிவிடுவேன். இவளுக்கு மட்டும் குதிகாலோடு நிறுத்திக்கொண்டேன். அவள் துரதிர்ஷ்டம் என் தாலியில் ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம்.

வீட்டுக்குப் போய் விளக்கெண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து, அவளை உட்காரவைத்துக் கையால் தேய்த்தேன். தோள்கள் இரண்டும் காதோடு ஏறி, கல்லாக இறுகிக் கிடந்தன. வெகுநேரம் கழித்துத்தான் இறங்கின. இறங்கியதும் அழ ஆரம்பித்தாள் பாருங்கள், நிறுத்தவே இல்லை. அங்கே எருமைகள் கத்துகின்றன, இங்கே இவள் அழுகிறாள், என் கை ஓய்ந்துபோகிறது. சீக்கிரம் அழுது முடி என்று சொல்ல வாய் வரை வந்தது.

தினமும் போனேன். தேய்த்து முடித்ததும் பிள்ளையை மாரில் போடச் சொன்னேன். பால் சுரக்கும்வரை கழுதைப்பாலையும் கஞ்சித் தண்ணீரையும் சொட்டுச் சொட்டாகப் புகட்டி உயிரைப் பிடித்து வைத்தோம். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, முதுகைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அவள் சட்டென்று முந்தானையைத் தொட்டுப் பார்த்தாள். நனைந்திருந்தது. பிள்ளையை எடுத்துக் கொடுத்தேன். அது தடுமாறித் தடுமாறிப் பிடித்துக்கொண்டது. விழுங்குகிற சத்தம் கேட்டபோது எண்ணெய்க் கையோடு நானும் அழுதுவிட்டேன்.

அந்தப் பிள்ளை இப்போது என் கோழிகளைத் துரத்தித் துரத்தி முட்டையிட விடாமல் செய்கிறது. நடவுக் காலத்தில் என் இடுப்பை அதன் அம்மாதான் பிடித்துவிடுகிறாள். ஆத்தா சொன்ன பொய்யை நான் ஊருக்குச் சொல்லவில்லை. உலை கொதிக்கும் நேரமாகப் பார்த்து இன்றும் வந்து படுக்கிறார்கள். எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது. ஆனால் எங்கே சுளுக்கு என்று இப்போது யாரையும் கேட்பதில்லை. அவள் மேல் பட்டுவிடாமல் பதினைந்து நாள் பத்திரமாக ஒதுக்கி வைத்திருந்த இந்தக் கையை நினைத்து இன்னும் வெட்கப்படுகிறேன்.