செல்வியின் கால் அளவு

போன வெள்ளிக்கிழமை எனக்கு மாலை போட்டார்கள்.

சிரிக்காதீர்கள். இந்த வயதில் மாலையா என்று எனக்கே சிரிப்பாகத்தான் இருந்தது. பால்வாடி ஆயா வேலையிலிருந்து ஓய்வு. யூனியன் ஆபீஸில் ஒரு சின்னக் கூட்டம், மிக்சர், காபி, எவர்சில்வர் தூக்கு ஒன்று. "ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா" என்று மைக்கை நீட்டினார்கள். மைக்கைக் கண்டாலே எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருக்கும். "எல்லாருக்கும் வணக்கம்" என்றேன். சரியாக இரண்டு வார்த்தை. உட்கார்ந்துவிட்டேன்.

புதிதாக வந்திருக்கும் அதிகாரி சின்ன வயசுக்காரர். என் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். "வேலை பார்த்தா இந்த அம்மா மாதிரி பார்க்கணும். இத்தனை வருஷத்துல ஒரு மெமோ கிடையாது, ஒரு புகார் கிடையாது. ரெக்கார்டு அவ்வளவு சுத்தம்!" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

எனக்கு அந்த மாலை கழுத்தை அறுத்தது. சம்பங்கிப் பூ கழுத்தை அறுக்குமா? அறுத்தது. எனக்கு வர வேண்டிய மெமோ ஒன்றை வேறொரு பெண் வாங்கிக்கொண்டு போனார். அதனால்தான் என் ஃபைல் சுத்தமாக இருக்கிறது. இது அந்தக் கூட்டத்தில் என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

சமையல், பிள்ளை வளர்ப்பு, காரைக்குடி பஸ்ஸில் நடந்த கூத்து... எதையெதையோ பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஐந்தாவதோடு நின்றவள் எழுதுகிறாளே என்று நீங்களும் பொறுத்துக்கொள்கிறீர்கள். இதை மட்டும் எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். இனித் தள்ள முடியாது.

எட்டு வருஷத்துக்கு முந்திய கதை. கல்லலுக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் அப்போது எனக்கு வேலை. காலையில் பால் பவுடர் கரைப்பது, மத்தியானம் கோதுமைக் கஞ்சி, பிறகு பாய் விரித்துப் பிள்ளைகளைத் தூங்க வைப்பது. எங்கள் ஊருக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் சேர்த்து ஒரு கிராம சேவிகா வருவார். பெயர் ஞானசுந்தரி. திருநெல்வேலிப் பக்கம். இருபத்தைந்து வயது இருக்கும். கல்லலில் ஒரு அறை எடுத்துத் தங்கி, தினம் ஒரு ஊராக நடப்பார். கர்ப்பிணிக்கு மாத்திரை, பிள்ளைக்கு ஊசி, புகையில்லாத அடுப்பு, குடிகாரப் புருஷனுக்குப் புத்தி... எல்லாம் அவர் தலையில்தான்.

எங்கள் ஊர்ப் பெண்கள் லேசுப்பட்டவர்களா? "தனக்கே கல்யாணம் ஆகல. நமக்குப் பிள்ள வளக்கச் சொல்லிக்குடுக்க வந்துட்டாக!" என்று அவர் காதுபடவே சொல்வார்கள்.

"எனக்குப் பிள்ளை இல்லாததாலதான் மைனி, உங்க பிள்ளைய பாக்க நேரம் இருக்கு" என்று அவரும் சிரித்துக்கொண்டே கொடுப்பார்.

செல்வியை முதலில் பார்த்தது அவர்தான். நான் அதே ஊரில் மூன்று வருஷமாக ஆயா. நான் பார்த்ததில்லை! வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போனவர், செல்வியின் தாய் காளியம்மா வீட்டில் நெல் குதிருக்குப் பின்னால் அசைவு தெரிந்து எட்டிப் பார்த்திருக்கிறார். ஆறு வயசுப் பெண். இளம்பிள்ளை வாதம். வலது கால் கயிறு மாதிரி துவளும். இரண்டு கையையும் ஊன்றி, தரையில் தேய்த்துத் தேய்த்துத்தான் நகர்வாள். உள்ளங்கை காய்த்துக் கிடந்தது.

பள்ளிக்கூடம் கண்மாய்க்கரைக்கு அங்கிட்டு ஒன்றரை மைல். "நடந்து வந்தால் சேர்த்துக்கிறேன், தூக்கிட்டு வந்தா யார் பொறுப்பு?" என்று வாத்தியார் கையை விரித்துவிட்டார். செல்வி நடந்தால் பள்ளிக்கூடம். நடக்காவிட்டால் குதிர் மூலை. இவ்வளவுதான் விஷயம்.

ஞானசுந்தரி விடவில்லை. மனு மேல் மனு. ஐந்து மாதம் அலைந்து ஒரு காலிப்பருக்கு உத்தரவு வாங்கிவிட்டார். காலிப்பர் என்றால் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தோல் பட்டை, அடியில் பூட்ஸ். தொடை வரைக்கும் மாட்டிக் கட்டினால் துவளுகிற கால் விறைத்து நிற்கும். மதுரையில் செய்து அனுப்புவார்கள். அளவு மட்டும் நாம் கொடுக்க வேண்டும்.

அந்த வாரம் பார்த்து அவருக்குக் கடுமையான காய்ச்சல். ஒரு பெரிய காக்கித் தாளையும் பென்சிலையும் டேப்பையும் என்னிடம் கொடுத்தார்.

"ஆயாம்மா, செல்விய இந்தத் தாள் மேல படுக்க வச்சு, காலைச் சுத்திக் கோடு போடுங்க. தொடையில, முழங்கால்ல, கணுக்கால்ல சுற்றளவு எழுதுங்க. திங்கக்கிழமை தாள் மதுரைக்குப் போகணும். ஆசாரி வீட்டு அம்மாவுக்கு அளவு எடுக்க நான் சொல்லித் தரணுமா என்ன?"

ஆமாம், நான் ஆசாரி வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். நிலைக்கதவில் ஒரு நூல் அளவு பிசகினால் என் வீட்டுக்காரருக்கு அன்று சோறு இறங்காது. அந்த வீட்டில் இருபது வருஷம் சாப்பிட்டவள் நான்.

தாளைச் சுருட்டிக்கொண்டு போனேன். காளியம்மா வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆயாம்மா, தாளும் பென்சிலுமா வாரீக? பரீட்சை எழுதப் போறீகளா?"

"போடி இவளே. செல்விய இதுமேல படுக்க வையி. கால் அளவு எடுக்கணும்."

சிரிப்பு நின்றுவிட்டது. "படுக்க வச்சா?"

"ஆமா. சுத்திக் கோடு போடணுமாம்."

"படுக்க வச்சா அளக்கச் சொன்னாக?"

செல்விக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான். மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்டான். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளைப் புதைப்பதுதான் வழக்கம். குழி வெட்டுகிறவர் வந்து, படுக்க வைத்திருக்கும் பிள்ளையை ஒரு குச்சியால் தலையிலிருந்து கால் வரை அளந்துகொண்டு போவார். அதனால் படுத்திருக்கும் பிள்ளையை எதற்காகவும் யாரும் அளக்க விடமாட்டார்கள். சட்டை தைக்கக்கூட நிற்க வைத்துத்தான் அளவு. செல்வியால் நிற்க முடியாது... அதற்குத்தானே இந்த அளவே!

"எங்க வீட்டுல ஒரு தடவ அளந்தாச்சு ஆயாம்மா. இன்னொரு தடவ வேணாம். நடக்காட்டிப் போகுது. கண்ணு முன்னால கெடக்கட்டும்." அவள் கை புளியிலேயே இருந்தது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கல்லலுக்குப் போய் "அம்மா, இப்படிச் சொல்றாக" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். காய்ச்சலோடாவது அவர் வந்திருப்பார். தாயின் மடியிலேயே சாய்த்து வைத்து அளக்கலாம் என்று ஒரு வழி கண்டுபிடித்திருப்பார். எனக்கே இப்போது தோன்றுகிறதே!

போகவில்லை. "ஆசாரி வீட்டு அம்மாவுக்குச் சொல்லணுமா" என்றாரே... அவர் முன்னால் போய், முடியவில்லை என்று நிற்க வெட்கம். கூச்ச சுபாவம், கூச்ச சுபாவம் என்று என்னைச் சொல்வார்கள். கூச்சத்தைத் தோலுரித்துப் பார்த்தால் உள்ளே பாதிக்குமேல் கௌரவம்தான் இருக்கிறது.

மறுநாள் மத்தியானம், கஞ்சி குடித்துவிட்டுப் பிள்ளைகள் தூங்கும்போது, செல்வி உயரத்துக்கு இருந்த மீனா என்ற பிள்ளையை மெதுவாகத் தாள்மேல் நகர்த்தினேன். இரண்டு காலையும் சுற்றி வரைந்தேன். சுற்றளவு எடுத்தேன். செல்வி கால் மெலிந்தது என்பதால் வலது காலுக்கு ஒரு விரல்கடை குறைத்து எழுதினேன். குத்துமதிப்பாக!

எழுதி முடித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. ஊரான் வீட்டுப் பிள்ளையைப் படுக்க வைத்து அளந்துவிட்டோமே... கைப்பிடி உப்பை எடுத்து மீனாவைச் சுற்றி, கிணற்றில் போட்டேன். அதற்கெல்லாம் எனக்கு வழி தெரிந்திருக்கிறது பாருங்கள்.

பத்து மாதம் கழித்து மதுரையிலிருந்து காலிப்பர் பெட்டி வந்தது.

அன்று ஞானசுந்தரி முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். புதுப் புடவை கட்டி வந்திருந்தார். செல்விக்கு இரட்டைச் சடை போட்டுவிட்டார். வாசலில் அக்கம்பக்கத்துச் சனம் முழுக்க நின்றது. மண்டியிட்டு உட்கார்ந்து அவரே பட்டை பட்டையாக மாட்டினார். தூக்கி நிறுத்தினார்.

தொடைப் பட்டைக்குள் இரண்டு விரல் போய் வந்தது. கம்பியின் மூட்டு ஓரிடத்தில், செல்வியின் முழங்கால் வேறிடத்தில். ஓர் அடி வைத்தாள். விழுந்தாள். "இன்னொரு தடவ" என்று அவளாகவே எழுந்தாள். விழுந்தாள். நாலாம் தடவை விழுந்தபோது தொடையில் தோல் வழன்று ரத்தம் வந்துவிட்டது. அப்போதும் அழவில்லை அந்தப் பிள்ளை. கூட்டத்தில் யாரோ, "கவர்மெண்டு காலு, அப்பிடித்தான் இருக்கும்" என்றார்கள். நாலு பேர் சிரித்தார்கள்.

ஞானசுந்தரி என் பக்கம் திரும்பினார். மெதுவாகத்தான் கேட்டார். "ஆயாம்மா, செல்விய படுக்க வச்சுத்தானே வரைஞ்சீங்க?"

"ஆமாம்மா" என்றேன்.

காளியம்மா பக்கத்தில்தான் நின்றாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

ஞானசுந்தரி இரண்டாவது காலிப்பருக்கு எழுதிப் போட்டார். விசாரணைக்கு ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். "அளவு எடுத்தது யார்? தப்பு அளவு கொடுத்துட்டு மறுபடி ஒண்ணு கேட்டா எப்படி?"

"அது என் பொறுப்பு சார். நான் நேர்ல போயிருக்கணும்" என்றார் அவர். ஆயாவிடம் கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை... ம்ஹும். நான் கஞ்சிப் பானையைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். தேய்த்த பானையையே திரும்பத் தேய்த்தேன்.

அவருக்கு மெமோ வந்தது. அடுத்த மாதமே எங்கோ தூரமாக மாற்றல். போகும்போது என்னிடம் சொன்னது ஒன்றுதான். "செல்விய விட்டுறாதீங்க ஆயாம்மா. திரும்ப மனுப் போடுங்க." மனுப் போட்டால் பழைய தாளைத் தோண்டுவார்களே என்று நான் போடவில்லை.

இவ்வளவையும் கழுத்தில் மாலையோடு உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் காளியம்மா வீட்டுக்குப் போய்விட்டேன்.

"வாங்க ஆயாம்மா, பணி முடிஞ்சிருச்சாமே, மாலையெல்லாம் போட்டாகளாமே" என்று பாயை எடுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லாமல் வந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். நின்றபடியே சொன்னேன். மீனாவை வரைந்தது, விரல்கடை குறைத்தது, எல்லாம்.

காளியம்மா விரித்த பாயைத் திரும்பச் சுருட்டி வைத்தாள். பிறகு, "எனக்குத் தெரியும் ஆயாம்மா" என்றாள்.

தெரியாமல் எப்படி இருக்கும்? அளக்க விடாதவளே அவள்தானே!

"அளக்காத காலுக்கு எப்படி அளவு போச்சுன்னு பெட்டி வந்த அன்னிக்கே நெனச்சேன். சொன்னா என்னயத்தான் ஏசுவாக. தாய்க்காரியே கெடுத்துப்புட்டான்னு ஊரு பேசும். அந்தச் சேவிகாப் புள்ள வெளியூரு... போயிருச்சு. நானும் பேசாம இருந்துட்டேன்."

உள்ளூர்க்காரிகள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கவில்லை. வெளியூர்க்காரி பழியைச் சுமந்துகொண்டு பஸ் ஏறினார். அவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று நாங்கள் யாரையும் விசாரித்ததுகூட இல்லை.

அப்போது உள்ளேயிருந்து சத்தம் வந்தது. தரையில் தேய்த்து வருகிற சத்தம். செல்வி. பதினாலு முடிந்துவிட்டது. தாவணி போட்டிருக்கிறாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப, அது வேற பிள்ள அளவா?"

நான் தலையை ஆட்டினேன்.

"எங்காலு அந்த பூட்ஸுக்குக்கூட லாயக்கில்லன்னுல இத்தன வருஷமா நெனச்சுக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

கத்தவில்லை. அழவில்லை. விழுந்த அன்றும் இப்படித்தான் அழாமல் இருந்தாள். "எங்காலுமேல குத்தமில்லன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். ஒராளு சொல்லலையே ஆத்தா" என்று தாயைப் பார்த்துச் சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை. திரும்பி உள்ளே போனாள். அந்தத் தேய்க்கிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது.

காளியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் வழக்கம்போல ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன். பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் வாயில் வார்த்தை வந்தது. பஸ்ஸில் யாரிடம் சொல்ல?

இங்கே எழுதுகிறேன். செல்வி, உன் காலில் ஒரு தப்பும் இல்லையம்மா. கோடு போட்ட என் கைதான் தப்பு. ஞானசுந்தரியிடமும் ஒரு தப்பும் இல்லை. இதையே தனியாக எழுதி யூனியன் ஆபீஸுக்கும் தபாலில் போட்டிருக்கிறேன். புதுக் காலிப்பருக்கு ஒரு மனுவும் அதோடு இருக்கிறது. அளவு எடுக்க இந்தத் தடவை வேறு ஆளை அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

செல்விக்குப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடம்தான் போகவில்லையே! பத்திரிகை வந்ததும் நானே எடுத்துக்கொண்டு போய், அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும்... கதவைத் திறந்தாளானால்.